பட்டன் மேல் பழி

என் புருஷன் ஜெயகரனுக்கு நான் இரண்டாம் சம்சாரம். முதல் சம்சாரம் இரண்டு பென்சில் செல் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. பிரிக் கேம் என்று ராபர்ட்சன்பேட்டை பஜாரில் விற்பார்கள். மேலேயிருந்து கட்டம் கட்டமாக விழும். விழுவதற்குள் அதைத் திருப்பி, இடுக்கில் சொருகி, வரிசை சேர்க்க வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, கல்யாணமாகி நெடுநாள் வரைக்கும் புரியவில்லை.

நான் அவரை முதன்முதலில் பார்த்ததே அந்த டப்பாவோடுதான். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கேரல் வந்திருந்தது. எல்லோர் கையிலும் பாட்டுப் புத்தகம், இவர் கையில் மட்டும் அது.

"இன்னா பிரதர், ஏசப்பா அதுக்குள்ளயா பொறக்குறாரு?" என்று கேட்டேன்.

"ஒரே நிமிஷம் சிஸ்டர். இப்ப நிறுத்துனா செத்துப்பூடுவேன்," என்றார், தலையைக்கூடத் தூக்காமல்.

இப்படிப்பட்ட ஆளைத்தான் கட்டிக்கொண்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

டப்பாக்கள் மாறிக்கொண்டே வந்தன. எங்கள் மகள் ஜாய் பிறந்த வருஷம், குவைத்தில் இருந்த அவருடைய சித்தப்பா மகன் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். பச்சைக் கண்ணாடி, முதுகில் கேசட் சொருக வேண்டும். அதற்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. கரண்ட் போனால் இந்த மனுஷன் வீட்டில் இருக்கிற ஒரே மெழுகுவர்த்தியை முன்னால் வைத்துக்கொண்டு ஆடுவார், நான் இருட்டில் சோறு வடிப்பேன். அப்புறம் புத்தகம் மாதிரி மடிக்கிற ஒன்று வந்தது, அதில் இரண்டு திரை. ஒரு திரை இருந்தபோதே கூப்பிட்டால் பதில் வராது, இப்போது இரண்டு! பிறகு உள்ளே தட்டு சுற்றுகிற கறுப்பு டப்பா. எல்லாம் பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் பேரம் பேசி வாங்கியவை. கடைசியாக வந்தது சீனாக்காரன் செய்தது. உள்ளங்கை அளவுதான், பழைய டப்பாக்களின் ஆட்டங்களையெல்லாம் அதற்குள் ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருக்கிறான்.

"ஃப்ளோரா, என் வயசு மொத்தமும் இதுக்குள்ள கீது, பாத்துக்கோ," என்று காட்டினார்.

"அதுல நான் எங்க கீறேன்?" என்றேன்.

அதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டிருந்தது.

எல்லா ஆட்டமும் போனிலேயே இருக்கிறதே, அதில் ஆடினால் என்ன என்று ஜாய் ஒருநாள் கேட்டாள். அன்றைக்குத்தான் அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"கண்ணாடிய தடவிகினு இருக்கறதுக்குப் பேரு ஆட்டமா? பட்டன அழுத்துனா அது விரலுக்குப் பதில் சொல்லணும்மா. 'சரிப்பா, கேட்டுச்சி'ன்னு சொல்லணும். போனுல இன்னா சொல்லுது? ஒண்ணியும் சொல்லாது."

அவர் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்கு விளங்கியது அது ஒன்றுதான். மைன்ஸ் மூடின பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேரிடம் எத்தனை கேட்டிருப்பார்கள்! யார் பதில் சொன்னார்கள்? அழுத்திய உடனே பதில் சொல்கிற ஒன்றைக் கையில் வைத்திருந்தால் மனசுக்கு நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதற்காக நான் திட்டுவதை நிறுத்தவில்லை.

அந்த விரல்களால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மாலூர் பக்கம் ஒரு இரும்புக் கம்பெனியில் அவர் கிரேன் ஆப்பரேட்டர். காலையில் மாரிக்குப்பம் ரயில் ஏறினால் டப்பா கைக்கு வரும், மாலூரில் இறங்கும்போது பைக்குள் போகும். முதலில் அந்தக் கிரேனை மேலே கூண்டில் உட்கார்ந்துதான் ஓட்டுவார்களாம். பிறகு ஒயரில் தொங்குகிற பட்டன் பெட்டி வந்தது. அதற்கும் பிறகு ஒயரே இல்லாத ரிமோட் வந்தது. பட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் வயிற்றருகே தொங்கும், இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒரு குச்சி, நடுவில் சிவப்பு ஸ்டாப் பட்டன். பெரிய பெரிய ஆப்பரேட்டர்களெல்லாம் அதைத் தொடப் பயந்தபோது இவர் மாட்டிக்கொண்டு சிரித்தாராம். "இது நம்ம வூட்டு டப்பாதானே சார்!" அன்றிலிருந்து அந்த ஷெட்டில் இவர்தான் ராஜா. டன் கணக்கில் கனக்கும் இரும்புத் தகட்டுச் சுருளைத் தூக்கிக்கொண்டு போய் எலுமிச்சம்பழத்தின் மேல் பழம் உடையாமல் உட்கார வைப்பார் என்பார்கள்.

சுருளுக்குக் கீழே நிற்கிறவன் ரூபேஷ். எங்கள் லைன் வீடுகளில் நாலாவது வீட்டுப் பையன், போன சித்திரையில்தான் கல்யாணமானது. அவனை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டவரே இவர்தான். ரூபேஷ் சங்கிலி மாட்டுவான், கையால் சைகை காட்டுவான், இவர் தூக்குவார்.

எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிசு. சமையல்கட்டில் இருந்தே அவர் ஆடுவது எனக்குக் கேட்கும். தக், தக், தக். சத்தத்தை வைத்தே ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்று சொல்லிவிடுவேன். காபியை எப்போது கொண்டுபோனால் வாங்குவார் என்றும் தெரியும். மழை பிடித்த நேரம், ஒரு சாயங்காலம், சத்தம் மாறியது. தக் என்று ஒன்று விழ வேண்டிய இடத்தில் தகதக என்று இரண்டு விழுந்தது. பிறகு மூன்று. பிறகு "ச்சே" என்று ஒரு குரல்.

"இன்னா ஆச்சி?"

"பட்டன் பூட்ச்சி. ஒரு தடவ அழுத்துனா ரெண்டு தடவ திரும்புது."

திருப்புளியை எடுத்துத் திறந்தார், உள்ளேயிருந்த ரப்பரைத் துடைத்தார், மூடினார். மறுநாளும் தகதக. பெங்களூர் போய் வேறு ரப்பர் வாங்கிவந்து மாற்றினார். அதற்கும் அதே கதை. இந்த மாடலே சரியில்லை என்று வேறொன்று வாங்கினார். அதுவும் சரியில்லையாம். "சீனாக்காரன் ஏமாத்திட்டான்" என்று இரண்டு வாரம் சீனாக்காரனைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இவர் ஆடத் தெரியாதவர் இல்லையே! அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது ஜாய் அந்த டப்பாவை எடுத்து ஆடினாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தக். தக். தக். ஒன்றுகூட இரண்டாக விழவில்லை.

"மம்மி, பட்டன் சூப்பரா கீதே. டாடி இன்னாத்துக்கு சும்மா கத்திகினு இருக்காரு?"

வெங்காயத்தைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடும்போது வலது கையைப் பார்த்தேன். இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தேனோ! தட்டின் ஓரத்தில் கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சோற்றைப் பிசையும்போது நிற்கிறது, சும்மா வைத்தால் ஆடுகிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"குளுரு," என்றார்.

ஜாய் போனில் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் தனியாக வந்தாள். நரம்பு வியாதியாக இருக்கலாமாம், பெயர்கூடச் சொன்னாள். "மாத்திரை கீதாம் மம்மி. கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா பாப்பாங்க. சீக்கிரம் போனா நல்லதாம்."

"வாய மூடு," என்றேன். "வெளிய ஒரு வார்த்த வந்துச்சி, தோல உரிச்சிடுவேன்."

படித்த பெண்ணுக்கு இது புரியாது. மைனிங் லைனில் பிறந்தவர்களுக்கு அன்ஃபிட் என்ற சொல் சாவைவிடப் பெரியது. ஜெயகரனின் அப்பா சுரங்க ஷாஃப்டில் இறங்கிக் கல்தூசி தின்றவர். கம்பெனி டாக்டர் நெஞ்சைச் சோதிக்கிற மெடிக்கல் நாளன்று என் மாமியார் விடியற்காலையில் சுக்குக் கஷாயத்தில் தேன் விட்டுக் கொடுத்து, இருமலை அமுக்கி அனுப்புவாராம். லைனில் எல்லா வீட்டிலும் அன்றைக்கு அதே கஷாய வாசனைதான். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் சம்பளம் போகும், குவார்ட்டர்ஸ் போகும், அப்புறம் நடுத்தெரு. டாக்டர் என்றால் எங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, வேலையைப் பிடுங்குகிறவர். மைன்ஸ் மூடி இத்தனை வருஷமான பிறகும் நாங்கள் அப்படித்தான் நினைக்கிறோம்.

அதனால் நானும் கஷாயம் கொடுத்தேன். என் கஷாயம் அந்த டப்பா.

காலமெல்லாம் அதைப் பிடுங்கி வைத்தவள், இப்போது நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வேலை விட்டு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை முக்கி, நல்லெண்ணெய் தடவி, "ஆடுங்க" என்பேன். பழக்கினால் கை அடங்கிவிடும் என்று நம்பினேன். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்ப்பேன். கட்டம் விழும். அதைத் திருப்ப வேண்டும், ஒரே தடவைதான் திருப்ப வேண்டும். "மெதுவா... மெதுவா..." என்று நான் சொல்வேன். ஒரு வரிசை சேர்ந்து மறைந்துவிட்டால் எனக்குள் என்னவோ ஜில்லென்று இறங்கும். அடடா, இதற்குத்தானா இந்த மனுஷன் இத்தனை காலம் விழுந்து கிடந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாம் சரிந்து வருகிறது, இதோ மூழ்கப்போகிறோம் என்கிற நேரத்தில் ஒன்று சரியாகப் பொருந்திவிடுகிறது. மூச்சு விட இடம் கிடைக்கிறது. மறுபடி ஆடு, மறுபடி ஆடு என்கிறது.

ஆனால் கை அடங்கவில்லை. வேகமான ஆட்டங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு அடியாக யோசித்து ஆடுகிற ஆட்டத்துக்குப் போனார். அவர் சொல்லாமலே நான் தெரிந்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்துகொண்டிருந்தோம்.

தசராவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிறு, நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது ரூபேஷ் வந்தான். தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான்.

"அண்ணி, அண்ணன் என்னிய ஊஞ்சல் ஆட்டிட்டாரு! நேத்து சுருளு சர்ருனு எறங்கி, சங்கிலி தோள்ல பட்டுச்சி. பாருங்க."

சட்டையை விலக்கிக் காட்டினான். கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாடா?"

"இதுக்கா? போங்க அண்ணி! வேற எவனாச்சும் ஆப்பரேட்டருன்னா பயந்திருப்பேன். கிரேனு அண்ணன் கையில கீதுன்னா நான் கண்ண மூடிகினு நிப்பேன்."

ஜெயகரன் உள்ளே எழுந்து போய்விட்டார். ரூபேஷுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு நான் பின்னாலேயே போனேன்.

"சொல்லுங்க. இன்னா ஆச்சி நேத்து?"

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "குச்சியில ரெண்டு ஸ்டெப்பு கீது. லேசா தள்ளுனா மெதுவா எறங்கும். இன்னும் தள்ளுனா வேகமா எறங்கும். நான் லேசாதான் தள்ளுறேன் ஃப்ளோரா. வெரலு தானா போயிடுது."

"விட்டுடுங்க."

"விட்டுட்டு?"

"இன்னா வேணா செய்யலாம். அந்தப் பையன் தலையில உழுந்தா இன்னா செய்வீங்க? அவன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"எனக்குத் தெரியாதா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "அந்த வேலயும் இல்லன்னா நான் யாரு? இந்தப் பொட்டிய புட்சிகினு உக்காந்துகினு இருக்கிற கெழவன். அதுலயும் தோத்துகினு இருக்கிற கெழவன்." பிறகு குரலை இறக்கினார். "ஆயுத பூஜ முடியட்டும். அப்பால நானே சொல்றேன். அதுவரிக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம் பண்ணவே கூடாதுன்னு வேதத்துல போட்டுக்கீது," என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் ரயிலேறிப் போன பிறகு ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தேன், ரூபேஷுக்காக ஒரு தடவை, இவருக்காக ஒரு தடவை.

ஆயுத பூஜைக்குக் கம்பெனி குடும்பத்தோடு கூப்பிடும். நாங்கள் சர்ச்சுக்காரர்கள்தான், ஆனால் பொரி பாக்கெட்டும் ஸ்வீட்டும் வேண்டாமென்று எந்தப் பாஸ்டரும் சொன்னதில்லை. வருஷா வருஷம் போவோம். கிரேன் கொக்கிக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தது. அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் ஆப்பரேட்டரின் வீட்டுக்காரி ரிமோட்டுக்குப் பூக் கட்டுவாள். பிறகு அவர் ஒரு சுருளைத் தூக்கி, தரையில் வைத்த எலுமிச்சம்பழங்களின் மேல் இறக்குவார். முதலில் பழம் உடையாமல் தொட வேண்டும், எல்லோரும் கை தட்டுவார்கள், அப்புறம் நசுக்குவார்கள். திருஷ்டி கழிந்ததாக அர்த்தம்.

நான் அவர் பக்கத்தில் நின்று மல்லிகைச் சரத்தை ரிமோட்டின் கைப்பிடியில் சுற்றினேன். அவர் இரண்டு கட்டைவிரலையும் குச்சிகளின் மேல் வைத்திருந்தார். இடது விரல் நின்றது. வலது விரல் நிற்கவில்லை.

"வேணாங்க," என்று காதோடு சொன்னேன். "ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க."

"இந்த ஒரு வாட்டி," என்றார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

சூப்பர்வைசர் உதய் கையைக் காட்டினார். சுருள் எழும்பியது. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் பெண்களும் பிள்ளைகளும் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ரூபேஷின் பெண்டாட்டியும் புதுப் புடவையில் நின்றிருந்தாள். சுருள் பழங்களுக்கு மேலே வந்து நின்றது. சைகை காட்டிக்கொண்டிருந்த ரூபேஷ், ஒரு பழம் உருண்டு போனதைப் பார்த்தான். அப்படியே குனிந்து, சுருளுக்கு அடியில் போய், பழத்தை எடுத்துச் சரியாக வைத்தான். மேலே பார்க்கவில்லை. அவன்தான் சொன்னானே, கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன் என்று.

ஜெயகரன் குச்சியைத் தள்ளாமல்தான் நின்றார். தொட வேண்டாமென்றுதான் விரலை எடுத்தார். எடுத்த விரல் அந்தரத்தில் ஆடி, திரும்பி வந்து குச்சியில் இடித்தது. சுருள் ஒரு சாண் இறங்கியது.

நான் சிவப்பு பட்டனை அறைந்தேன்.

எல்லாம் நின்றது. சுருள் ரூபேஷின் முதுகுக்கு மேலே குலுங்கி நின்றது. "யாக்ரீ? யாக்ரீ நிந்தோய்த்து?" ஏன் நின்றது என்று கேட்டுக்கொண்டே உதய் ஓடிவந்தார்.

பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரூபேஷ் வெளியே வந்தான், பல்லெல்லாம் சிரிப்பு. "இன்னா அண்ணி, பூ கட்டுறப்ப கை பட்டுடுச்சா?"

எனக்குப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம், கை பட்டுவிட்டது என்று சொன்னால் போதும். எல்லோரும் சிரிப்பார்கள், மறுபடி ஓட்டுவார்கள். நாளைக்கு அவர் ரயிலேறுவார். நான் ஜெயகரனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் நிறுத்துனேன் சார்," என்று உதயிடம் கன்னடத்தில் சொன்னார். "என் கை நிக்கறதில்ல. கொஞ்ச மாசமாவே இப்படித்தான், உங்களுக்குச் சொல்லல." தலையை நிமிர்த்தினார். "நான் அன்ஃபிட் சார்."

ஷெட்டில் மைக் பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதையும் நிறுத்தினார்கள். நான் அவர் சோற்றில் மண்ணைப் போட்டேன். அவரோ பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது, நூறு பேர் பார்க்கிறார்களே என்று நின்றேன்.

அவர் பட்டையைக் கழற்றப் பார்த்தார். கொக்கியில் விரல் நிற்கவில்லை. வழுக்கி வழுக்கி வந்தது. உதய் கை நீட்டினார், இவர் தலையை ஆட்டினார். நான்தான் கழற்றினேன். மல்லிகைச் சரத்தோடு ரிமோட் என் இரண்டு கையிலும் வந்து உட்கார்ந்தது.

"பத்திரம், கீழ போட்டுடாத," என்றார் என்னிடம். "ரூபேஷுகிட்ட குடு. அவனுக்கு ஓட்டத் தெரியும். நான் சொல்லிக்குடுத்திருக்கேன்."

நீட்டினேன். ரூபேஷ் வாங்கவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. மெதுவாகத் திரும்பி, தான் குனிந்து நின்ற இடத்துக்கு மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்தச் சுருளை, இப்போதுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தான்.